20-க்கு 90 மனையில் தொட்டிக்கட்டு வீடு: பழுது பார்ப்பதா, பாதி கட்டுவதா, இடிப்பதா?

புதுச்சேரியின் தமிழர் பகுதியிலும், கடலூரில் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர் போன்ற பழைய பகுதிகளிலும் மனைகள் பல ரயில்பெட்டி மாதிரி இருக்கும். தெருப்பக்கம் 20 அடி, உள்ளே 80, 90 அடி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அதில் நிற்கும், நடுவே வானம் பார்த்த முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டில் ஓடு ஒழுகுகிறது. பிள்ளைகளில் ஒருவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும், ஒருவருக்கு வாடகை வர வேண்டும், அம்மாவுக்குப் படுக்கைக்குப் பக்கத்தில் கழிவறை வேண்டும்.

எதிரே மூன்று வழிகள். வீட்டை அப்படியே பழுது பார்க்கலாம். முன்பக்கத்தை வைத்துக்கொண்டு பின்பக்கத்தை மாடியாகக் கட்டலாம். முழுக்க இடித்து, கீழே கார், மேலே இரண்டு தளம் என்று போகலாம். விற்றுவிட்டு ஃபிளாட் வாங்குவது நான்காவது. அது வரைபடக் கேள்வி அல்ல, பணக் கேள்வி, எனவே கடைசியில் இரண்டு வரி போதும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வீட்டுத் தரை சாலையைவிடத் தாழ்ந்து போயிராவிட்டால், இந்த வடிவ மனைக்கு இரண்டாவது வழிதான் பெரும்பாலும் பொருந்தும். தாழ்ந்திருந்தால் மூன்றாவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எந்த வழியில் போனாலும் முற்றம் வேண்டும். அதற்கும் பழமைப் பாசத்துக்கும் சம்பந்தமில்லை.

பழைய திட்டம் எதற்காக வந்தது

இப்படியொரு வீட்டைத் திண்ணையிலிருந்து கொல்லை வரை அளந்தால் 90 அடி ஏறக்குறைய இப்படிப் பிரியும்: திண்ணை 6, வாசலை ஒட்டிய நடையும் முன்னறையும் 10, முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு 28, அறை வரிசை 12, சமையலும் கிணற்றடியும் சேர்ந்த இரண்டாம் கட்டு 18, தோட்டம் 16. முற்றத்தின் வாய் 8-க்கு 10 அடி. கிணற்றடியிலும் ஏறக்குறைய அதே அளவுக்கு வானம் தெரியும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை இருந்தது. திண்ணையில் கணக்கு வழக்கு, கொடுக்கல் வாங்கல், வழிப்போக்கர் படுக்கை. முற்றத்தில் நெல் காயும், வடாம் காயும், கல்யாணப் பந்தல் விழும். இரண்டாம் கட்டு பெண்களின் உழைப்பிடம். விறகடுப்புப் புகை கூடத்துக்கு வராதபடி சமையல் பின்னால் தள்ளி இருந்தது. யாரைத் திண்ணையோடு நிறுத்துவது, மாதவிலக்கு நாளில் பெண் எந்த மூலையில் ஒதுங்குவது, எடுப்புக் கழிவறைக்கு ஆள் எந்தச் சந்து வழியாக வருவது என்பதும் அதே வரைபடத்தில்தான் இருந்தது. பழைய வீட்டைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. நெல் மூட்டை போய் 25 கிலோ அரிசிப் பை வந்தது, குதிருக்கும் காயவைக்கும் இடத்துக்கும் வேலை இல்லை. கல்யாணம் மண்டபத்துக்குப் போனது. கேஸ் அடுப்பு வந்ததும் சமையலறை கூடத்தை ஒட்டி நகர்ந்தது. குழாய்த் தண்ணீரும் செப்டிக் டேங்கும் வந்ததும் கழிவறை கொல்லையிலிருந்து படுக்கையறைக்குள் ஏறியது. மாலையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் டிவியைப் பார்த்து உட்கார்ந்தார்கள், கூடம் ஹால் ஆயிற்று. நெய்வேலி நகரியத்தின் குடியிருப்புகள், மாதச் சம்பளக் குடும்பத்துக்கு ஹால், படுக்கையறை, ஒட்டிய குளியலறை போதும் என்பதைக் கடலூர் மாவட்டத்துக்குக் கண்ணில் காட்டின. தேக்கு விலை ஏறியது, கம்பியும் சிமெண்டும் தெருமுனையில் கிடைத்தன, வங்கி காங்கிரீட் வீட்டுக்குக் கடன் கொடுத்தது. சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்தபின், ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்களின் எண்ணிக்கையும் கூடியது. நியாயமான மாற்றம்தான். ஆனால் ‘விற்றுப் பிரித்துக்கொள்வோம்’ என்ற பேச்சு சீக்கிரம் எழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை மாறியும் இரண்டு மாறவில்லை. மனையின் அகலம் 20 அடிதான், பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கவும் முடியாது. நெல் காய வைப்பதற்கு முன்பே முற்றத்துக்கு இருந்த வேலை வெளிச்சமும் காற்றும். அந்த வேலை இன்றும் பாக்கி இருக்கிறது. வீடு இடித்துக் கட்டும்போது நெல்லோடு சேர்த்து முற்றத்தையும் தூக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

முடிவுக்கு முன் மூன்று அளவுகள்

இன்ஜினியரிடம் போவதற்கு முன்பே ஒரு கொத்தனாரும் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டமும் இருந்தால் அரை நாளில் எடுத்துவிடலாம். வீட்டின் விதியை இவை பாதி தீர்மானித்துவிடும்.

முதலாவது, சாலையின் நடுமுதுகிலிருந்து முதல் கட்டுத் தரை எவ்வளவு உயரம் என்பது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு அடிமட்டம் சுற்றுத் தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயர்ந்திருக்கச் சொல்கிறது, அதாவது ஒன்றரை அடி. தார் மேல் தார் போட்டுச் சாலை ஏறி ஏறி, பல தெருக்களில் திண்ணைப்படி மூன்றில் இரண்டு புதைந்துவிட்டது. உங்கள் தரை சாலையைவிட ஒன்றரை அடிக்கு மேல் நின்றால் கவலை இல்லை. அரை அடி முதல் ஒன்றரை அடி வரை என்றால் சமாளிக்கலாம். சாலைக்குச் சமம் அல்லது கீழே என்றால் பழுது பார்க்கப் போடும் பணம் மழைநீரோடு போகும். ‘உள்ளே தரையை மட்டும் உயர்த்திக்கொள்ளலாமே’ என்பார்கள். கூடத்தின் உயரம் 11, 12 அடி இருக்கும், அங்கே முடியும். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் இறவாணம், அதாவது கூரையின் கீழ்விளிம்பு, 7 அடிதான், ஒன்றரை அடி ஏற்றினால் தலை இடிக்கும். நிலைக்கதவுகள் 6 அடி, குனிந்து போக வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் வேலை இங்கே நடக்காது, பொதுச்சுவரைத் தனியாகத் தூக்க வழியில்லை.

இரண்டாவது, கழிவுக் குழாயின் சரிவு. பாதாளச் சாக்கடை தெருவில் இருந்தால், பின்கட்டில் கழிவறை வைக்கும்போது குழாய் 70 அடி முன்னோக்கி வர வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு நல்லது, 60-க்கு 1-ஐவிடக் குறைக்கக் கூடாது. 70 அடிக்கு முதல் கணக்கில் 21 அங்குலம், இரண்டாவதில் 14 அங்குலம் இறங்க வேண்டும். தெரு மேன்ஹோலில் குழாய் சேரும் மட்டம் இதைவிடக் கீழே இருக்கிறதா என்று மூடியைத் திறந்து அளந்து பாருங்கள். இல்லையென்றால் கழிவறையை முன்னே கொண்டுவர வேண்டும், அல்லது தோட்டத்தில் செப்டிக் டேங்க். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் இடங்களில் மழைக்காலத்தில் உறிஞ்சுகுழி உறிஞ்சாது, டேங்க் நிரம்பி நிற்கும். கிணறு இன்னும் புழக்கத்தில் இருந்தால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வெளிச்சத்தின் தூரம். ஜன்னலிலிருந்து 7.5 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பகுதியை வெளிச்சம் பெற்ற பகுதியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அதே விதித்தொகுப்பு. சுமார் 25 அடி. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் ஊர்போன்ற இடத்தில், அறையின் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். இப்போது 90 அடியை நினைத்துப் பாருங்கள். முன்னால் 25, பின்னால் 25, நடுவில் 40 அடி இருட்டு. முற்றமும் கிணற்றடியும் அந்த 40 அடிக்குள்தான் திறக்கின்றன. வரைந்தவருக்கு விதித்தொகுப்பு தெரிந்திருக்காது. கணக்கு தெரிந்திருந்தது.

முதல் வழி: அப்படியே பழுது

இதில் செலவு குறைவு என்று நினைப்பது பாதிதான் உண்மை. ஓடும் மரமும் சரியாக இருந்தால் குறைவு. கைமரமும் உத்தரமும் கரையான் அரித்திருந்தால் எண்ணி முடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறக் கூடாது. மரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் அழுகும். ஒவ்வொரு முனையிலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த மரம் போயிற்று. முனை மட்டும் கெட்டிருந்தால் முழு மரத்தை மாற்ற வேண்டாம். இருபுறமும் இரும்புப் பட்டை கொடுத்துப் போல்ட் முடுக்கலாம், அல்லது அடியில் ஒரு கல் தாங்கு வைக்கலாம்.

முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மரத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் போட்ட பழைய மாடித்தளம் என்றால் ஒழுகலுக்கு வழக்கமான வைத்தியம் மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் காங்கிரீட் போடுவது. அதுதான் தளத்தைக் கொல்கிறது. இரண்டு அங்குலம் காங்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ. நூறு வருஷ மரம் ஏற்கெனவே செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் தட்டோட்டையும் சுமந்துகொண்டிருக்கிறது. பழைய தட்டோட்டைக் கழற்றி, உதிர்ந்த ஜல்லிக்காரையைச் சுரண்டி, அதே சுண்ணாம்பில் புதுக்காரை போட்டுத் தட்டி இறுக்கி, மறுபடி தட்டோடு பதிப்பதுதான் சரியான வேலை. மெதுவான வேலை. செய்யத் தெரிந்த ஆட்களும் குறைவு.

சுவரிலும் அதே தவறு நடக்கிறது. சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய ஒன்றரை அடிச் சுவர், தரையிலிருந்து ஏறும் ஈரத்தை இருபக்கமும் வெளியே விட்டு உலர்ந்துகொள்ளும். அதன்மேல் சிமெண்ட் பூச்சு போட்டால் ஈரம் உள்ளே மாட்டும், கடலோர உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, மூன்று அடி உயரம் வரை பொரிந்து உதிரும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல் என்று பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம்.

ஓட்டுக்கூரையில் புயல்தான் கணக்கு. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது நினைவிருக்கும். சீமை ஓட்டில் முகட்டு வரிசையையும் இறவாணத்துக் கடைசி இரண்டு வரிசையையும் ரீப்பரோடு கம்பியால் கட்டினால் போதும், நடுவில் உள்ளவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நாட்டு ஓட்டுக்கு அந்தப் பிடிப்பு இல்லை.

முற்றத்து மழைநீரையும் கணக்குப் போடுங்கள். முதல் கட்டின் கூரை முழுவதும் உள்ளே சாய்ந்திருந்தால் 20-க்கு 28 அடி, சுமார் 52 சதுர மீட்டர் நீர் முற்றத்தில் விழும். 10 செ.மீ. மழைக்கு 5,200 லிட்டர். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரு நாளில் 40 செ.மீ.க்கும் மேல் பெய்தது, அது 21,000 லிட்டர். சரிவு சரியாக உள்ள 4 அங்குலக் குழாய்க்கு இது பெரிய வேலை அல்ல. குழாயில் இலை அடைத்தால்தான் வினை, அதைவிடப் பெரிய வினை தெருவில் நீர் ஏறி அதே சலதாரை வழியாகத் திரும்பி வருவது. வெளிவாயில் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் மடல் வால்வும், முற்றத்து மூலையில் 2 அடி ஆழ வண்டல் தொட்டியும் அவசியம். கடைசிக் கைகொடுப்பாக அந்தத் தொட்டியில் சிறிய மோட்டார் ஒன்றை வையுங்கள்.

குளியலறை சேர்ப்பதற்கு ஏற்ற இடம் 12 அடி அறை வரிசை. நாலரைக்கு ஏழு அடி போதும். அதைக் கிணற்றடிப் பக்கம் திறக்கும்படி வைத்தால் காற்று கிடைக்கும். பழைய பொதுச்சுவரைக் காடி வெட்டிக் குழாய் பதிக்காதீர்கள், கசிவு பக்கத்து வீட்டில் தெரிந்தால் அப்புறம் பஞ்சாயத்துதான்.

இந்த வழியின் உண்மையான குறை வேறு. மொத்தம் 1,300 சதுர அடிக்கு மேல் கூரை கிடைக்காது. கூடம் வழியாகத்தான் எங்கேயும் போக வேண்டும். ஒரு குடும்பம் வாழலாம், இரண்டு குடும்பம் தனித்தனிக் கதவோடு வாழ முடியாது. வாடகை வேண்டுமென்றால் முழு வீட்டையும் விருந்தினர் இல்லமாக விடலாம். புதுச்சேரியில் அதற்குக் கிராக்கி உண்டு, கடலூரில் மிகக் குறைவு. வங்கியும் பழைய வீட்டுப் பழுதுக்குக் கொடுக்கும் கடனைப் புதுக் கட்டடத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைத்தே போடும்.

இரண்டாம் வழி: முன் 44 அடி பழசு, பின் 34 அடி புதுசு

திண்ணை, நடை, முற்றத்துக் கட்டு சேர்ந்த 44 அடியை வைத்துக்கொள்வது. அதற்குப் பின்னால் 34 அடிக்குத் தரைத்தளமும் முதல் தளமும். கடைசி 12 அடி திறந்த வெளி. பழசில் முற்றம் போக 800 சதுர அடி, புதுசில் 680 வீதம் இரண்டு தளத்துக்கு 1,360. மொத்தம் 2,160.

இது யாரும் இப்போது கண்டுபிடித்ததல்ல. 1738-ல் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் கீழே மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணிச் சுதைத்தூண். புதுச்சேரியின் பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் வீடாகவும் மாடி பிரெஞ்சு வீடாகவும் இருக்கும். பணமும் பழக்கமும் மாறியபோது இருந்ததை இடிக்காமல் மேலேயும் பின்னேயும் சேர்த்துக்கொண்டார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருது பெற்ற வைசியாள் வீதிச் சீரமைப்பில் கவனம் பெற்றது முகப்பு வரிசை. குடியிருப்பவருக்கு முகப்பைவிட அதற்குப் பின்னால் இருக்கும் திறப்புதான் முக்கியம்.

34 அடியில் பின்பக்கத் திறப்பிலிருந்து 25 அடிக்கு வெளிச்சம் வரும். மிஞ்சும் 9 அடிதான் இருட்டு. அந்த 9 அடியில் மாடிப்படியையும் குளியலறைகளையும் வையுங்கள், படுக்கையறைக்கு வெளிச்சம் முழுதாகக் கிடைக்கும். தள உயரம் பத்தரை அடி என்றால் 7 அங்குல ஏற்றத்தில் 18 படி, மடக்குப் படியாக இருபக்கமும் 9. மூன்று அடி அகலத்துக்கு மேல் இந்த மனையில் கொடுக்க முடியாது. படி முற்றத்தைப் பார்த்துத் திறந்தால் மேல் வீட்டுக்கு நடை வழியாகத் தனிப்பாதை கிடைத்துவிடும். வாடகைக்கு விட அது போதும்.

தவறு நடப்பது சேரும் இடத்தில். புதுக் கட்டடத்தின் பீமைப் பழைய சுவரில் உட்கார வைத்தால் செலவு மிச்சம் என்று மேஸ்திரி சொல்வார். கேட்காதீர்கள். புதுசு தன் பில்லரில் தனியாக நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குல இடைவெளி வேண்டும். பழைய சுவர் எப்போதோ அமர்ந்துவிட்டது, புதுசு இனிமேல்தான் அமரும். சேர்த்துக் கட்டினால் முதல் மழைக்கு முன்பே விரிசல் தெரியும். பழைய ஓட்டுச் சரிவு புதுச்சுவரை முட்டும் இடத்தில் மழைநீர் ஓட ஒரு அடி அகலத் தோணி, அதாவது தகட்டு வாய்க்கால் வைத்து, தகட்டைச் சுவருக்குள் ஆறு அங்குலம் ஏற்றிச் சொருகுங்கள். ஜி.ஐ. தகடு கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் போடுங்கள்.

பொதுச்சுவரை ஒட்டி அடித்தளத்துக்கு (ஃபூட்டிங்) தோண்டும்போது முழு நீளத்துக்கும் ஒரேயடியாகப் பள்ளம் எடுக்கக் கூடாது. 4, 5 அடியாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, காங்கிரீட் போட்டு மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். கடலோர மணலில் பள்ளம் ஒரு ராத்திரி திறந்து கிடந்து, மழையும் வந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் பள்ளத்தில் இருக்கும்.

கம்பியின் ஆயுளும் இங்கே பேச வேண்டிய விஷயம். ஐ.எஸ். 456 தரநிலை கடற்காற்றுக்கு நேராகத் திறந்த காங்கிரீட்டுக்கு எம்30 தரமும், கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட்டின் தடிமனான ‘கவர்’ 45 மி.மீ.யும் கேட்கிறது. உள்ளே மறைவாக இருப்பதற்கு எம்25, 30 மி.மீ. போதும். ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் தள்ளுவதைக் கவர் என்று சொல்ல முடியாது. சிமெண்டில் வார்த்த கவர் பிளாக் வாங்குங்கள். போர் தண்ணீரில் காங்கிரீட் கலப்பதானால் முதலில் சோதனைக்குக் கொடுங்கள், லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஆகாது. பத்து வருஷத்தில் சன்ஷேடு வெடித்துக் கம்பி தெரியும் வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கும்.

செலவுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. புதுக் கட்டடம் சதுர அடிக்கு 2,400 ரூபாய், பழுது 1,200 என்று வைத்துக்கொண்டால் 32.6 லட்சமும் 9.6 லட்சமும் சேர்த்து 42 லட்சம் சொச்சம். உங்கள் மேஸ்திரி சொல்லும் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், விகிதம் பெரிதாக மாறாது. கடலூரில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டும் வீட்டுக்கு 2024 முதல் இணையவழிச் சுயசான்றிதழ் அனுமதி இருக்கிறது. 1,800 சதுர அடி மனையில் இந்தத் திட்டம் அந்த அளவுக்குள் நிற்கிறது. புதுச்சேரியில் விதிகளும் அலுவலகமும் வேறு. உங்கள் வீடு மரபுக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத்தான் அங்கே முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாம் வழி: இடித்து, கீழே கார், மேலே இரண்டு தளம்

தரை தாழ்ந்துபோன வீட்டுக்கு இதுதான் வழி. வெள்ளம் வந்தால் கார் நனையும், வீடு நனையாது. முன்னும் பின்னும் விட வேண்டிய இடம் 15 அடி என்று வைத்தால் 75-க்கு 20, தளத்துக்கு 1,500 சதுர அடி.

அந்த 75 அடியில் மறுபடி நடுவில் 25 அடி இருட்டு. அங்கே ‘ஓடிஎஸ்’, அதாவது வானத்துக்குத் திறந்த இடம், என்று மூன்றுக்கு நாலு அடி ஓட்டை ஒன்று வரைந்து தருவார்கள். இரண்டு தளச் சுவருக்கு நடுவே அந்த அளவுக்குள் வெயில் இறங்காது. கழிவுக் குழாய், எக்ஸாஸ்ட் ஃபேன், புறா, மேல் வீட்டுச் சண்டை எல்லாம்தான் இறங்கும். 10-க்கு 10 விடுங்கள். தளத்துக்கு 100 சதுர அடி போகும், இரண்டு தளத்துக்கு 200. மிஞ்சும் 2,800 சதுர அடி முழுவதும் பகலில் விளக்கில்லாமல் புழங்கும். 200 சதுர அடியை மிச்சம் பிடித்தவர் நடு அறைகளில் காலையிலிருந்து டியூப்லைட்டும், அலமாரி ஈரம் வாங்காமலிருக்க ஏ.சி.யும் போட்டுக் கட்டணம் கட்டுவார். நடு அறைக்கு வாடகையும் குறையும்.

குற்றம் காங்கிரீட்டின்மேல் இல்லை. புதுச்சேரியிலேயே 1937-ல் தொடங்கி 1945-ல் முடிந்த கோல்கொண்டே விடுதி முழுக் காங்கிரீட்தான். ஏ.சி. இல்லாமல் குளிர்கிறது. அது ஓரறை ஆழமே உள்ள மெல்லிய கட்டடம், ஒரு பக்கம் நடைபாதை, ஒரு பக்கம் அறை, இருபக்கமும் முழுக்கத் திறக்கும் சரிவுப் பலகைகள். 20-க்கு 90 மனையில் அப்படி மெல்லியதாகக் கட்ட வழியில்லை. முற்றம்தான் கட்டடத்தை இரண்டு மெல்லிய துண்டாக வெட்டித் தருகிறது.

இடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை: பொதுச்சுவரில் பக்கத்து வீட்டு உத்தரம் உட்கார்ந்திருக்கும், எனவே அந்தச் சுவரை முழு உயரத்துக்கும் விட்டுவைத்து, திறந்துபோன முகத்தை மழைக்கு முன் பூச வேண்டும். உங்கள் பில்லரும் சுவரும் அதற்கு உள்ளேதான் வரும், பக்கத்துக்கு 9 அங்குலம் போய் 20 அடி பதினெட்டரை ஆகும். இந்த இழப்பை வரைபடத்தில் காட்டாமல் அறைகளை 20 அடிக்கு வரைந்து தருகிறவர்கள் உண்டு. தேக்குத் தூண், நிலை, கைமரம் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியல் போட்டுத் தனியாக விலை பேசுங்கள். ‘இடிக்கும் கூலிக்கு மரம் சரியாப் போச்சு’ என்பது இடிக்கிறவருக்கு மட்டும் லாபமான கணக்கு.

அதே 2,400 ரூபாய்க் கணக்கில் 2,800 சதுர அடிக்கு 67 லட்சம், கார் தளம் தனி. இரண்டாம் வழியைவிட 640 சதுர அடி அதிகம் கிடைக்கிறது, அதற்கு 25 லட்சம் அதிகம். இரண்டு வாடகைப் போர்ஷன் உறுதியாக ஓடும் தெருவில், ஜிப்மர் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அருகில் என்றால் போடலாம். மற்ற இடத்தில் யோசிக்க வேண்டும்.

பாகம் பிரிக்கும்போது

எந்த வழியானாலும் 20 அடியை நீளவாக்கில் இரண்டு பத்தடியாகப் பிரிக்காதீர்கள். சுவர் போக எட்டரை அடி. நடைபாதைக்கு 3 அடி விட்டால் அறை ஐந்தரை அடி, கட்டில் போட்டால் கதவு திறக்காது. முற்றமும் நடுவில் சுவர் வாங்கி இரண்டு பக்கமும் இருளும். தளவாரியாகப் பிரியுங்கள், நடை, முற்றம், படி மூன்றும் பொது என்று பத்திரத்தில் எழுதுங்கள். அதற்கு மனம் ஒப்பாவிட்டால் விற்றுப் பணமாகப் பிரிப்பது நல்லது. ஃபிளாட் வாங்கப் போகிறவர் பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று பாருங்கள். கட்டடம் தேய்ந்துகொண்டே போகும், உங்கள் கையில் மிஞ்சப்போவது அந்தப் பங்குதான்.

புறநகர் லேஅவுட்டில் 30-க்கு 40 மனை என்றால் மேலே சொன்னது பொருந்தாது. நாலு பக்கமும் ஜன்னல் வைக்க முடிகிற வீட்டில் நடு முற்றம் பெரும்பாலும் ஆசைக்கு. பிறகு மழைக்கும் கொசுவுக்கும் பயந்து மேலே பாலிகார்பனேட் தகடு போடுவார்கள். மேலேறிய சூடு வெளியே போக வழியில்லாமல் வீடு அடுப்பாகும். போட்டே ஆக வேண்டுமென்றால் தகட்டைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தூக்கி, இடைவெளியில் சாய்ந்த பலகைகள் வையுங்கள்.

திண்ணையும் வண்டியும்

முதல் இரண்டு வழிகளில் கடைசியாக எழும் சண்டை இதுதான். காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், பதினாறரை அடி நீளம் வேண்டும். திண்ணையும் நடையும் முன்னறையும் சேர்ந்ததே 16 அடி. கார் உள்ளே வந்தால் முன்வீடு முழுவதும் போகும், அப்புறம் அதைக் காத்ததாகச் சொல்வதில் அர்த்தமில்லை. காரை வேறிடத்தில் வாடகைக்கு நிறுத்துங்கள். டூ வீலருக்கு வழி உண்டு. நடுப்படியை மட்டும் மூன்றரை அடி அகலத்துக்குச் சாய்தளமாக்கலாம். ஒன்றரை அடி உயரத்துக்கு 5-க்கு 1 சரிவில் ஏழரை அடி நீளம் ஆகும், திண்ணையின் 6 அடியும் நடைக்குள் ஒன்றரை அடியும். தலைவாசல் நிலையின் கீழ்க்கட்டையை அறுக்காமல், வண்டி ஏறும்போது மட்டும் வைக்கும் இரும்புப் பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். அந்தக் கட்டை தெருத்தண்ணீரை நாலு அங்குலம் வரை தடுக்கும்.